எலி வேண்டாத மாதங்கள்

மார்ச் மாதக் கடைசி. அமெரிக்காவின் புளோரிடாவில் ஒரு வீட்டின் பின்கட்டு அறைக்குள் நுழைந்ததும் வெதுவெதுப்பான காற்று முகத்தில் பட்டது. சுவர் நெடுக அடுக்கடுக்காகப் பிளாஸ்டிக் இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு மலைப்பாம்பு. மேற்கு ஆப்பிரிக்கப் புல்வெளிகளைத் தாயகமாகக் கொண்ட இனம். பயந்தால் தலையை உள்ளே பொதிந்துகொண்டு பந்தாகச் சுருளும். அதனால்தான் ‘பால் பைதான்’, அதாவது பந்து மலைப்பாம்பு என்று பெயர்.

கணவனும் மனைவியுமாக இந்த அறையைக் கவனித்துக்கொள்கிறார்கள். அன்று தீனி நாள். உறைநிலையிலிருந்து இளக்கிய எலிகளை அந்தப் பெண் வெந்நீரில் போட்டு வைத்திருந்தார். இந்தப் பாம்பின் உதட்டோரக் குழிகள் வெப்பத்தை உணரும்; எலி குளிர்ந்திருந்தால் பெரும்பாலும் சீண்டாது.

நீண்ட இடுக்கியில் எலியைப் பிடித்து முதல் இழுப்பறையில் நீட்டினார். உள்ளே ஆண் பாம்பு. முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

“நவம்பரிலிருந்து இவன் சாப்பிடவில்லை” என்றார் அமைதியாக.

நான் பதறினேன். அவர் பாம்பைத் தராசில் வைத்து, எடையை நோட்டில் எழுதினார். இணைசேரும் காலத்தில் ஆண்கள் இரையை மறப்பது இயல்பு. எடை பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கினால் அந்த ஆணை ஜோடி சேர்ப்பதை நிறுத்தி ஓய்வு கொடுப்பார்களாம்.

பெண் பாம்புக்குக் கணக்கு வேறு. 1,500 கிராம் எடை தேறாமல் இணை சேர்ப்பதில்லை. இலையுதிர் காலத்தில் நன்றாகத் தின்று உடலைத் தேற்றிக்கொள்ளும். பிறகு சினை வளர வளர ஒருநாள் அதுவும் எலியை ஒதுக்கும். நடு உடல் புடைத்துக்கொள்வதைப் பார்த்தால் பெரிய எலியை விழுங்கியதுபோல் இருக்கும். அது கருமுட்டை வெளிப்படும் அடையாளம். பின்னர் சட்டை உரிக்கும். உரித்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் முட்டையிடும். ஜோடி ஒரே பெட்டியில் இருக்கும்போது மட்டும் தீனி காட்டவே கூடாது என்றார் கணவர். எலி வாடையில் ஒன்றை ஒன்று கவ்விவிடும்.

கடைசி இழுப்பறையில் நான்கு நாள் முன்பு ஆறு முட்டை இட்ட தாய். முட்டைகள் 31 டிகிரி வெப்பத்தில், அடைகாக்கும் பெட்டியில். பொரிக்க இரண்டு மாதம் ஆகும். காட்டில் என்றால் அத்தனை நாளும் தாய் பெரும்பாலும் பட்டினியாக முட்டைகளைச் சுற்றிப் படுத்திருக்கும். இங்கே வெதுவெதுப்பான நீரில் அதைக் கழுவி, பெட்டியையும் துலக்கிவிடுகிறார்கள். முட்டை வாசம் ஒட்டியிருந்தால் அடைகாக்கும் நினைப்பிலேயே கிடந்து இரையை மறுக்குமாம்.

வழக்கத்தில் பாதி எடையுள்ள எலி ஒன்றை மனைவி நீட்டினார். ஒரு கணம் அசைவில்லை. அடுத்த கணம் பாய்ந்து கவ்விச் சுற்றிக்கொண்டது. மாதக்கணக்கில் காத்திருந்த மனைவியின் கண் கலங்கியது.

‘இன்னும் ஒரே ஒரு வாய்’ என்று ஊட்டுவதையே பாசம் என்று அறிந்து வளர்ந்தவன் நான். வேண்டாம் என்ற உடலை நம்பி, எடையைக் குறித்துக்கொண்டு, வேளை வரும்வரை கையை மடக்கி வைத்திருப்பதும் பாசமே என்று அந்த அறையில் தெரிந்துகொண்டேன். பாம்பு வளர்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: எலி வாங்கும் முன் ஒரு தராசும் ஒரு நோட்டும் வாங்குங்கள்.