நான்கு சக்கரமும் இழுக்கும் என்று சொன்னேன்

என் வண்டி ஃபோர் வீல் என்று அக்காவிடமும் மச்சானிடமும் சொன்னேன். அது பொய். தெரிந்தே சொன்னேன்.

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் தனியாருக்குத் திறந்துவிட்டார்கள். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கை முழுக்க அப்போது சின்ன ஜீப் பற்றிய பேச்சுதான். எனக்கும் ஆசை வந்தது, கையில் காசு போதவில்லை. மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில் அம்மா அக்காவோடு இருக்கிறார். மழை நாளிலும் லயத்து வாசல்வரை வரக்கூடிய வண்டியாக எடுப்போம், அம்மாவுக்கு ஏதும் என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடலாம் என்று மச்சானிடம் சொன்னேன். ஓய்வுபெற்றபோது கிடைத்த சேமலாப நிதிப் பணத்தில் ஒரு பங்கை மறுகேள்வி கேட்காமல் எடுத்துத் தந்தார்.

அவிசாவளையிலிருந்து ஹட்டன்வரை நல்ல கார்ப்பெட் ரோடு. தோட்டத்துக்குள் திரும்பியதும் கல்லும் சேறும்தான். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குள் சபைக் காசைச் செலவழிக்கக் கட்டுப்பாடு போட்டிருந்தது. அதை 2018இல்தான் திருத்தினார்கள். இத்தனை வருஷம் யாரும் கவனிக்காத ரோடு அது. நோயாளியை இன்றும் கொழுந்து ஏற்றும் லொறியில்தான் இறக்குகிறார்கள்.

அந்த ரோட்டுக்கு என்ன வண்டி வேண்டும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். சுசுகி ஜிம்னிக்கு ஏணிச் சட்டகம், மேட்டில் மெதுவாக ஏற லோ கியர், தரையிலிருந்து 20 சென்ரிமீற்றருக்கு மேல் உயரம். பின் சீற் ஒடுக்கம் என்று அதை விட்டேன். அது நியாயமான காரணம்தான். மற்றச் சின்ன ஜீப்களில் முன் சக்கரம் மட்டும் இழுப்பதும் உண்டு, நான்கும் இழுப்பதும் உண்டு. வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. டொயோட்டா ரைஸில் 2021வரை ஒரு லீற்றர் டர்போ எஞ்சினோடு இரண்டும் வந்தன, உயரமும் இரண்டுக்கும் 185 மில்லிமீற்றர்தான். அவற்றில் சேசி இலக்கம் ஏ200ஏ என்று தொடங்கினால் முன் சக்கர இழுவை, ஏ210ஏ என்றால் நான்கு. இதையெல்லாம் மற்றவர்களுக்கு விளக்கிச் சொன்னவனே நான்.

எனக்குக் காட்டிய இரண்டு வண்டிகளில் ஒன்று நான்கும் இழுக்கும் வெறும் வெள்ளை வண்டி. மற்றதில் சக்கரத்தைச் சுற்றிக் கறுப்புப் பட்டி, கூரையில் கம்பி, பம்பரின் கீழே அலுமினியம் போலப் பூச்சுப் பூசிய பிளாஸ்டிக் தகடு. மலையேறும் தோற்றம் முழுக்க இருந்தது, பின் சக்கரத்துக்கு மட்டும் இழுவை இல்லை. ஜம்பட்டா வீதியில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்று அதை எடுத்தேன். மிஞ்சிய காசில் பெரிய அலோய் வீலும் பக்கச்சுவர் மெலிந்த டயரும் போட்டேன். கல் ரோட்டில் அடியை வாங்கிக்கொள்ள டயருக்குத் தடித்த பக்கம் வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும்.

தென்மேற்குப் பருவமழை கொட்டிய ஒரு இரவு, ஹட்டனில் கல்யாண வீட்டில் இருந்தேன். அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது என்று அக்கா அழைத்தார். என் வண்டி ஏறாது, லொறிக்குச் சொல்லுங்கள் என்று அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். பக்கத்தில் ஆட்கள் நின்றார்கள். "வர்றேன்" என்றேன்.

லயத்துக்குக் கீழே கடைசி வளைவில் நின்றுவிட்டது. ஏற்றத்தில் வண்டியின் பாரம் பின்னால் சாயும், முன் சக்கரங்களுக்குப் பிடி குறையும். இழுக்க வேண்டியவை அவை இரண்டும்தான். டயர் பள்ளங்களில் செம்மண் அப்பிக்கொண்டதும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றது. பொடியன்கள் வந்து தள்ளிப் பார்த்தார்கள். கடைசியில் மச்சான் மழையில் ஓடிப்போய் லொறி டிரைவரை எழுப்பினார். அம்மாவைக் கம்பளியில் சுற்றி லொறியின் பின்னால் கிடத்தினோம். என் வண்டியைத் தள்ளி ஓரம்கட்டிய பிறகுதான் லொறிக்கு வழி கிடைத்தது.

"நீ வந்துருவேன்னுதானே தம்பி லொறிக்குச் சொல்லாம இருந்தோம்" என்றார் அக்கா. கோபத்தில் சொல்லவில்லை. "இந்த மழைக்கு எந்த வண்டியும் ஏறாது" என்றேன். முதல் பொய்யைவிட இதுதான் எனக்கு இன்னும் கனக்கிறது. அம்மா அப்போதும் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார்.

அம்மா பிழைத்து வீடு திரும்பினார். மச்சானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "வாங்கும்போதே தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். எழுந்து வெளியே போய்விட்டார். அதன்பிறகு என்னோடு அளவாகத்தான் பேசுகிறார். அதில் எனக்குக் குறை சொல்ல இடமில்லை.

வண்டியை விற்கப் போட்டிருக்கிறேன். வருகிற பணத்தில் முதலில் அவருடைய பங்கு. பார்க்க வருகிறவர்களிடம் ஜப்பான் ஏலத் தாளைக் காட்டி, இது முன் சக்கர இழுவை, தோட்டத்து ரோட்டுக்கு எடுக்காதீர்கள் என்று விலை பேசுவதற்கு முன்பே சொல்கிறேன்.