குளிசை கொடுப்பது மட்டுமல்ல இந்த வேலை

நான் ஓய்வு பெறுகிறேன் என்றதும் எங்கள் கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்த தமிழ்ப் பிள்ளை ஒருத்தி, "இனி இதுக்கு ஆளே தேவையில்லை அன்ரி. நாடு, திகதி, அலர்ஜி மூண்டையும் போனில் நிரப்பினால் மலேரியாத் தடுப்புக் குளிசை வீட்டுக்கே போயிடும்" என்றாள். நல்ல பிள்ளை, மனதில் எதுவும் வைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்று கேள்விகளுக்கு வெளியேதான் என் உத்தியோகம் முழுவதும் கழிந்தது.

தென் லண்டனில், பெக்கம் பக்கம், பயண மருத்துவத் தாதியாக இருந்தேன். சஃபாரி பார்க்கப் போகிறவர் ஆறு கிழமைக்கு முன்பே கேள்விகளை எழுதிக்கொண்டு வருவார். அவருக்கு அந்தப் படிவம் போதும். ஆனால் பிரித்தானியாவுக்கு மலேரியாவோடு திரும்புகிறவர்களில் பெரும்பான்மையோர் நைஜீரியா, சியரா லியோன், கானா என்று சொந்த ஊருக்குப் போய் உறவுகளைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள். 2023இல் இங்கே பதிவான நோயாளிகள் 2,000ஐத் தாண்டினார்கள். பெரும்பாலும் பல்சிபாரம் என்ற கடும் மலேரியா வகை.

என்னோடு கடைசிவரை மல்லுக்கட்டியது ஒரே ஒரு வாக்கியம்: "நான் அங்கே பிறந்தவள், எனக்கு ஒன்றும் செய்யாது." இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிறவருக்கு இந்தத் தொழில் தெரியாது. அதில் பாதி உண்மை. சிறு வயதில் திரும்பத் திரும்பக் காய்ச்சல் கண்டு தப்பிய உடம்பு ஓரளவு தாக்குப்பிடிக்கப் பழகும். ஆனால் தொடர்ந்து கடி வாங்கும் வரைதான் அந்தப் பலம் நிற்கும். லண்டனில் சில வருடங்கள் இருந்தாலே கரைந்துவிடும். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அது துளியும் கிடையாது. இதை விளக்க வருகிறவர்களிடம் என் ஊர்க் கதையையும் சொல்வேன்: நான் இலங்கையின் வன்னியில் பிறந்தவள். 1963இல் முழு இலங்கைக்கும் 17 பேர் என்று இறங்கிய மலேரியா, மருந்தடிப்புத் தளர்ந்த பிறகு, 1968-69இல் லட்சக்கணக்கானவர்களைப் படுக்கையில் போட்டது. இதைச் சொன்னால்தான், "அப்போ நீயும் காய்ச்சல் ஊர்க்காரிதானா" என்று கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். அதற்குப் பிறகுதான் உண்மை வரும்.

என்ன உண்மை? அம்மா வீட்டில் போய் நுளம்பு வலை கட்டுவது அம்மாவை அவமதிப்பது மாதிரி. "லண்டனுக்குப் போனதும் எங்கள் படுக்கை பிடிக்கவில்லையா?" என்ற ஒரு கேள்வியில் வலை பெட்டிக்குள் திரும்பிவிடும். அதனால் வலையை அம்மாவுக்கும் சேர்த்து, மருந்து தோய்த்ததாக, பரிசாகக் கொண்டுபோகச் சொல்வேன். பிறகு காசு. தடுப்புக் குளிசை பொதுவாக அரச மருத்துவ சேவையில் இலவசம் இல்லை. ஐந்து பேர் கொண்ட குடும்பம் டிசம்பரில் மூன்று கிழமை போனால் மலரோன் என்ற தடுப்புக் குளிசையின் விலையைக் கேட்டுத் தலை சுற்றும். டொக்சி (டொக்சிசைக்கிளின்) என்ற குளிசை மலிவு, ஆனால் பன்னிரண்டு வயதுக்குக் கீழே கொடுக்க முடியாது. தாய் பிள்ளைகளுக்கு மட்டும் வாங்கிக்கொண்டு தனக்கும் கணவருக்கும் "அங்கே போய் வாங்குவோம்" என்பாள். அங்கே போலிக் குளிசையும் விற்கிறார்கள். கணவருக்காவது டொக்சி எடுக்கலாமா, அவள் கர்ப்பிணியா என்பதையெல்லாம் உட்கார்ந்து கதைத்துத்தான் பிடிக்க வேண்டும். கர்ப்பிணி என்றால் பயணத்தையே தள்ளிப்போடச் சொல்வேன்.

பிள்ளைகளுக்கான குளிசை அளவு எடையைப் பொறுத்தது. 20 கிலோ பக்கத்தில் ஒரு கிலோ கூடினாலே மலரோன் சிறுவர் குளிசை ஒன்று இரண்டாகிவிடும். என் அறையில் தராசு இருந்தது. இப்போது தாய் நினைவில் இருக்கிற எடையைப் போனில் அடிக்கிறாள், அதுவே கணக்கு.

பலர் தவறுவது திரும்பி வந்த பிறகுதான். மலரோன் ஒட்டுண்ணியை ஈரலிலேயே பிடிக்கிறது, ஆகவே திரும்பி வந்து 7 நாள் தொடர்ந்து எடுக்க வேண்டும். டொக்சி இரத்தத்துக்கு வந்த பிறகுதான் பிடிக்கிறது, ஆகவே 4 கிழமை. ஹீத்ரோவில் இறங்கியதும் ஆபத்து முடிந்தது என்று நினைத்து நிறுத்துகிறார்கள். காரணம் விளங்கினால் நிறுத்த மாட்டார்கள். காரணத்தை விளங்கப்படுத்தத்தான் நேரம் வேண்டும். அந்த நேரத்தைத்தான் இப்போது வெட்டுகிறார்கள்.

ஊரில் ஒரு சாவு விழுந்தால் அடுத்த நாளே விமானம் ஏறுவார்கள். ஆறு கிழமைக்கு முன் வராதவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று ஏசிய மேலாளர் ஒருவரோடு நான் சண்டை பிடித்திருக்கிறேன். மலரோனைப் புறப்படும் நாளில் தொடங்கினாலும் சும்மா போவதைவிடப் பல மடங்கு நல்லது. வாசலில் நிற்கிறவரைத் திருப்பி அனுப்புவது எந்த ஒழுங்குமுறையிலும் சேராது.

புதியவர்கள் என்னைவிட விரைவானவர்கள், கணினியில் கெட்டிக்காரர்கள். ஆனால் யாருடைய வீட்டுக்குப் போகிறீர்கள், அங்கே எங்கே படுப்பீர்கள், குளிசைக்குக் காசு இருக்கிறதா என்று அவர்கள் கேட்பதில்லை. படிவத்தில் அந்தப் பெட்டிகள் இல்லை. அவற்றைப் படிவத்தில் சேருங்கள், அதை நிரப்ப ஒரு மனிதரை உட்கார வையுங்கள், பிள்ளைகளின் குளிசையையாவது இலவசமாக்குங்கள். ஊர் போய் வந்தவர்களுக்கு: ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் என்றால், வைத்தியர் கேட்காவிட்டாலும் எந்த நாட்டுக்குப் போனீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். அன்றைக்கே இரத்தம் சோதிக்கச் சொல்லி அங்கேயே இருங்கள்.