வீட்டுக் கதை வெளியிலை போகக்கூடாது

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இலக்கிய விமர்சகன் இல்லை. யாழ் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு படிப்பை விட்டுவிட்டு, 2000 ஆம் ஆண்டு டென்மார்க்குக்கு வந்து, முதலில் கோப்பை கழுவி, இப்போது ஒரு உணவகத்தில் அடுப்படியில் நிற்கிறவன். வயது நாற்பத்தெட்டு. இரவு பதினொன்றரைக்கு வீட்டுக்கு வந்தால் உடனே நித்திரை வராது. அந்த நேரத்தில்தான் இங்கே எதையாவது எழுதுகிறேன்.

இன்றைக்கு இரண்டு புத்தகங்களைப் பற்றி எழுதப் போகிறேன். இரண்டிலும் குடும்பக் கதை கவிதையிலே சொல்லப்படுகிறது. இரண்டுமே என்னுடைய பிள்ளைகளிடமிருந்து எனக்கு வந்தவை. புத்தகத்தைப் பற்றி எழுத வேண்டுமென்றால் என்னைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. அதனால்தான் இத்தனை நாளாய் எழுதாமல் இருந்தேன்.

2013 ஒக்டோபர். எங்கள் குசினியில் வானொலி எப்போதும் பாடிக்கொண்டிருக்கும். அந்த நாட்களில் பாட்டைவிட ஒரு பெடியனின் பெயர்தான் கூடுதலாகக் கேட்டது. யாஹ்யா ஹசன். வயது 18. ஓகூஸ் நகரத்தில் பாலஸ்தீன அகதிக் குடும்பத்தில் பிறந்தவன். தன்னுடைய பெயரையே தலைப்பாக வைத்து ஒரு கவிதைப் புத்தகம் வெளியிட்டிருந்தான். புத்தகம் முழுவதும் பெரிய எழுத்துகள். டெனிஸ் மொழியில் அப்படி எழுதினால் ஆள் கத்துகிற மாதிரி இருக்கும். தகப்பன் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி அடிப்பதில் தொடங்கி, பிறகு இளையோர் இல்லங்கள், களவு, பொலிஸ் என்று ஒரு பெடியனின் வாழ்க்கை அதில் வருகிறது. நாவல் என்று அதற்குப் பெயரில்லை. ஆனால் முதல் பக்கத்திலிருந்து வாசித்தால் ஒரு கதையாகவே போகும்.

இந்த நாட்டில் கவிதைப் புத்தகம் சில நூறு பிரதிகள் விற்றாலே சந்தோசப்படுவார்கள். 56 லட்சம் சனம் இருந்த நாட்டில் இது ஒரு லட்சத்துக்கும் மேலே விற்றது. புத்தகம் வர முன்னமே பொலிற்றிக்கன் பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில், தன் பெற்றோரின் தலைமுறை மீது தனக்கு எவ்வளவு கோபம் என்று சொல்லியிருந்தான். அவனுடைய சனத்தில் கொஞ்சப் பேர் துரோகி என்றார்கள். வெளிநாட்டவரைப் பிடிக்காத டெனிஸ்காரர் தூக்கிப் பிடித்தார்கள். அடுத்த மாதம் கொப்பன்ஹேகன் ரயில் நிலையத்தில் வைத்து ஒருவன் அவனைத் தாக்கினான். அதற்குப் பிறகு கவிதை வாசிக்கப் போகிற இடமெல்லாம் பொலிஸ் காவல்.

நான் புத்தகத்தைத் தொட்டும் பார்க்கவில்லை. ஆனால் அபிப்பிராயம் மட்டும் நிறைய இருந்தது. வெங்காயம் வெட்டிக்கொண்டே, "இவங்கள் இப்பிடித்தான், பிள்ளையளைப் போட்டு அடிக்கிறது, பிறகு அது தெருவிலை நிக்கும். எங்கடை ஆக்களைப் பார், எல்லாம் டொக்டர், எஞ்சினியர்" என்று பெரிய பிரசங்கம். எங்களோடு வேலை செய்த மற்றச் சமையல்காரரும் பாலஸ்தீனர்தான். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர், அமைதியான மனிதர். மாவைப் பிசைந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"உன்ரை வீட்டிலை எப்பிடி?"

"எங்கடை வீட்டிலை அப்பிடி ஒண்டும் இல்லை" என்றேன். பொய்.

2012 இல் மகனுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் வேறு ஒரு பிள்ளையோடு அடிபட்டதாக ஆசிரியர் எழுதி அனுப்பியிருந்தார். நான் இரட்டை வேலை செய்துவிட்டு வந்த நாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. இடுப்புப் பெல்ட்டைக் கழற்றி அடித்தேன். எத்தனை அடி என்று எனக்குத் தெரியாது. மனைவி இடையில் வந்து விழுந்து மறித்தபோதுதான் கை நின்றது. காலில் இரண்டு தடிப்பு.

பெற்றோர் பிள்ளைகளுக்கு அடிக்கிற உரிமையை டென்மார்க் 1997 இலேயே சட்டத்தால் எடுத்துவிட்டது. ஆசிரியர் கண்டால் கொம்யூனுக்கு அறிவிக்கத்தான் வேண்டும். அது எனக்கு நன்றாகத் தெரியும். அடுத்த நாள் காலமை அவன் சப்பாத்துப் போடும்போது பக்கத்தில் குந்தியிருந்து சொன்னேன்: "ஆரும் கேட்டால் சைக்கிளாலை விழுந்தது எண்டு சொல்லு. வீட்டுக் கதை வெளியிலை போகக்கூடாது. போனால் உன்னைக் கொண்டுபோய் வேறை வீட்டிலை விடுவாங்கள்."

ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அடியைவிட அந்தக் கடைசி வசனம் என்ன செய்திருக்கும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. அவனும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல பிள்ளை என்று மனதுக்குள் பெருமைப்பட்டேன்.

எட்டு வருடம் ஓடிப்போனது. 2020 மார்ச்சில் கொரோனாவால் உணவகங்களைப் பூட்டச் சொன்னார்கள். இருபது வருடத்தில் முதல் தடவையாக நான் பகலெல்லாம் வீட்டில் இருந்தேன். நாலு பேர், மூன்று அறை. ஏப்ரல் 29 ஆம் திகதி யாஹ்யா ஹசன் ஓகூசில் தன்னுடைய வீட்டில் இறந்து கிடந்தான். வயது 24. அதற்கிடையில் ஒரு பெடியனைக் காலில் சுட்டதற்காக 2016 இல் சிறைத் தண்டனை, பிறகு மனநல வைத்தியசாலை, 2019 இல் இரண்டாவது புத்தகம். எல்லாம் அந்த 24 வயதுக்குள்.

தொலைக்காட்சியில் செய்தி போகும்போது மகன் எழுந்து அறைக்குள் போய்விட்டான். அப்போது அவன் கிம்னாசியத்தில், அதுதான் எங்கள் ஊர் உயர்தர வகுப்பு மாதிரி, படித்துக்கொண்டிருந்தான். இரவு தேத்தண்ணி குடிக்கக் குசினிக்குப் போனால் மேசையில் அந்தப் புத்தகம் கிடந்தது. கறுப்பு அட்டையில் பெயர் மட்டும். மறந்து வைத்தானா, எனக்கென்று வைத்தானா, இன்று வரை கேட்கவில்லை.

என்னுடைய டெனிஸ் குசினி டெனிஸ். பத்திரிகை வாசித்தால் நாலாவது வரியில் களைத்துவிடுவேன். மொத்தமான நாவலை எடுக்கவே பயம். ஆனால் இதில் வரிகள் குட்டையானவை. பக்கத்தில் பாதி வெள்ளையாகக் கிடக்கும். ஒரு வரி விளங்காவிட்டால் அடுத்த வரி விளங்கும். அகராதி இல்லாமலே ஓடினேன். வாசிக்கப் பஞ்சிப்படுகிற பிள்ளைகளுக்கு இப்படிக் கவிதையில் எழுதின கதைகளைக் கொடுங்கள் என்று நூலகர்கள் சொல்வார்களாம். பஞ்சிப்படுகிற தகப்பன்மாருக்கும் கொடுக்கலாம்.

விடிய நாலு மணிக்கு முடித்தேன். அந்தத் தகப்பனை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஆளை எனக்கு நல்லாய்த் தெரியும். அகதியாய் வந்து, மொழி சரியாக வராமல், வெளியில் யாரும் மதிக்காமல், வீட்டுக்குள் மட்டும் ராசாவாக இருக்கிற மனிதன். அவன் செய்ததற்கும் நான் செய்ததற்கும் இடையில் எத்தனை அடி வித்தியாசம் என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கினேன். எண்ணத் தொடங்கினதே வெட்கமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து மகனிடம் போனேன். கணினிக்கு முன்னால் இருந்தான். "தம்பி, அண்டைக்கு அப்பா பெல்ட்டாலை அடிச்சது ஞாபகம் இருக்கோ?" என்றேன்.

திரும்பிப் பார்க்காமலே சொன்னான். "அடிச்சது பெரிசா ஞாபகம் இல்லை அப்பா. நீங்கள் பொய் சொல்லச் சொன்னதுதான் ஞாபகம். ரீச்சர் கேட்டவ. மூண்டு தரம் கேட்டவ. மூண்டு தரமும் சைக்கிள் எண்டு சொன்னனான். அதுக்குப் பிறகு அவவோடை கதைக்கிறதுக்கு எனக்கு விருப்பமில்லாமப் போச்சு."

அந்த ஆசிரியரை அவனுக்கு அவ்வளவு பிடிக்கும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மன்னிப்புக் கேட்டேன். தமிழில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் ஊரில் தகப்பன் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. டெனிஸில்தான் சொன்னேன். அவன் "சரி அப்பா" என்றான். அவ்வளவுதான். சினிமா மாதிரிக் கட்டிப்பிடிக்கவில்லை.

இரண்டாவது புத்தகம் மகளுடையது. பள்ளிக்கூடத்தில் ஆங்கில பாடத்துக்கு என்று போன வருடம் கொண்டுவந்தாள். 'த போயட் எக்ஸ்'. எலிசபெத் அசவேடோ எழுதினது, 2018 இல் வந்து அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதை இளையோர் பிரிவில் வாங்கினது. இது உண்மையாகவே கவிதையில் எழுதின நாவல். நியூயோர்க், ஹார்லம். டொமினிக்கன் குடியேறிகளின் மகள் சியோமாறாவுக்குப் பதினைந்து வயது. தாய் பக்தி முற்றின கத்தோலிக்கர். தேவாலயம், கட்டுப்பாடு, ஆம்பிளைப் பிள்ளையோடு கதைக்கக்கூடாது. சியோமாறா வாய் திறக்க முடியாததையெல்லாம் ஒரு கொப்பியில் கவிதையாய் எழுதி ஒளித்து வைக்கிறாள். ஒருநாள் தாய் அதைக் கண்டுபிடித்து எரிக்கிறார்.

அந்த இடத்தை மகள் எனக்கு வாசித்துக் காட்டி, தமிழில் விளங்கப்படுத்தினாள். வாசித்துவிட்டு, "இந்த அம்மா எங்கடை கோயிலிலையும் இருக்கிறா" என்றாள். மனைவி சிரித்தா. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டா.

அசவேடோவின் தாய் கொடுமைக்காரி இல்லை. பயந்துபோன மனுசி. பிள்ளை கை நழுவிப் போய்விடும் என்கிற பயம். கதை முடிகிறபோது ஒரு பாதிரியாரின் உதவியோடு தாயும் மகளும் இருந்து கதைக்கத் தொடங்குகிறார்கள். யாஹ்யாவின் புத்தகத்தில் அப்படி ஒரு கதிரை போட்டு இருத்த ஆளில்லை.

கவிதையில் கதையா என்று நாங்கள் ஆச்சரியப்படத் தேவையில்லை. மணிமேகலை என்ன? குலத்தொழிலுக்கு வா என்று இழுக்கிற பாட்டி சித்திராபதி, மறிக்கிற தாய் மாதவி, தன்ரை வழியில் போகப் பார்க்கிற ஒரு இளம்பெட்டை. பல்கலைக்கழகத்தில் சோதனைக்காகப் படித்தபோது எனக்கு இது விளங்கவில்லை. மகள் அந்த ஆங்கிலப் புத்தகத்தைச் சொல்லும்போதுதான் விளங்கியது.

இதை எழுதினால் என்ன பின்னூட்டம் வரும் என்று தெரியும். "எங்களையும் அடிச்சுத்தான் வளர்த்தவை, நாங்கள் கெட்டே போனனாங்கள்?" கெட்டுப் போகவில்லைத்தான். என்னுடைய அப்பாவும் பூவரசந் தடியால் அடித்தார். அவர் சாகும்வரை நான் அவரோடு காசு அனுப்பின கதையைத் தவிர வேறொன்றும் கதைத்ததில்லை. தொலைபேசியில் இரண்டு நிமிடம், பிறகு "அம்மாட்டைக் குடுக்கிறன்". இதையும் கணக்கில் சேருங்கள்.

எங்களுடைய தமிழ் வழக்கைப் பற்றிப் பெருமையாய்ச் சொல்லுவோம். 1987 இல் நீதியமைச்சர் எறிக் நின்-ஹான்சன் தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களை இழுத்தடித்து வைத்தார், அதனாலேயே 1993 ஜனவரியில் ஸ்லூட்டரின் அரசாங்கம் பதவி விலகியது என்று. சரி. ஆனால் அந்த வருடங்களில் தகப்பனைக் காணாமல் வளர்ந்து, பிறகு விமான நிலையத்தில் "இதுதான் அப்பா" என்று காட்டப்பட்ட பிள்ளைகளுக்கு என்ன நடந்தது? அந்த அந்நியன் அடுத்த மாதமே கை ஓங்கினபோது அவர்கள் என்ன நினைத்தார்கள்? அரசாங்கம் விழுந்த கதை எல்லாருக்கும் தெரியும். இந்தக் கதையை நான் எங்கேயும் வாசித்ததில்லை. வீட்டுக் கதை, வெளியில் போகக்கூடாது.

மகளிடமும் ஒரு கொப்பி இருக்கிறது. நீல மட்டை. சில நாள் நான் வேலையால் வரும்போது குசினி மேசையில் கிடக்கும். முதல் தடவை கண்டபோது கை போனது உண்மை. எடுத்து, திறக்காமல், அவளின் அறை வாசலில் வைத்தேன். இப்போதெல்லாம் எடுத்து வைப்பதுமில்லை. மேசையைத் துடைக்கும்போது கொப்பியைச் சுற்றித் துடைக்கிறேன்.

என்னைப் பற்றி அதில் இருக்கலாம். இருந்தால் இருக்கட்டும். அவள் எப்போதாவது வாசித்துக் காட்டினால் முழுவதும் கேட்பது என்று நினைத்திருக்கிறேன். குறுக்கே கதைக்காமல்.