ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்

தகவல் உரியவரைச் சென்றடைய வேண்டும் என்னும் நோக்குடன் ‘வணிக நுண்ணறிவு’ முறையொன்றை 1958ஆம் ஆண்டிலேயே வகுத்தளித்தவர் ஐ.பி.எம். ஆய்வாளர் ஹான்ஸ் பீட்டர் லூன்.

அத்தகைய மென்பொருளை உருவாக்கும் குழுவை நடத்தும் பொறுப்பு நம்மிடம் வந்தபோது, ‘விற்பனை’ என்னும் ஒரு சொல்லே பெரும்பணியாயிற்று. பட்டியலிட்ட தொகை முழுவதையும் விற்பனைத் துறை அப்பெயரால் அழைத்தது. திரும்பி வந்த சரக்கைக் கழித்த பின் எஞ்சுவதையே கணக்குத் துறை அவ்வாறு அழைத்தது. இரண்டும் பொய்யல்ல. ஆயினும், எந்தக் கிளையை மூடுவது என்பதை அந்த எண்ணே முடிவு செய்யுமெனில், அங்கு உழைப்போர் வீட்டு அடுப்பும் அதில் அடங்கியுள்ளதன்றோ?

ஆகவே, பொருள் வரையறுக்கப்படும் வரை வெளியீட்டை நிறுத்தி வைத்தோம். வாடிக்கையாளர் முகம் சுளித்தார். ஒவ்வோர் எண்ணின் கீழும் அதைக் கணக்கிட்ட முறையை எழுதுவித்தோம். வரைபடம் அழகாயிருத்தல் நன்று. அளவுகோல் ஒன்றாயிருத்தல் கடமை.