அழைத்தவன் கடமை

ஊர் கூடும் விழாவைத் தம் வீதியில் நடத்த விரும்பாதவர் இலர். நாடுகளுக்கும் இவ்வாசை உண்டு. உலகக் கூடைப்பந்தாட்டப் போட்டியைத் தம் மண்ணில் நடத்தும் உரிமை வேண்டி அவை விண்ணப்பிப்பதும், வாதாடுவதும், வாக்கெடுப்பை எதிர்நோக்கி நிற்பதும் இதனாலேயே. அவ்வரலாறு பந்தாட்டத்தைவிட விருந்தோம்பலைப் பற்றியே எனக்கு மிகுதியாகக் கற்பித்திருக்கின்றது.

1962 ஆம் ஆண்டுப் போட்டியை நடத்தும் பேறு பிலிப்பைன்ஸ் நாட்டுக்குக் கிடைத்திருந்தது. கூடைப்பந்தை உயிரென நேசிக்கும் மக்கள் அந்நாட்டவர். ஆயினும், பொதுவுடைமை நாடுகளை ஐயத்தோடு நோக்கிய காலம் அது. யூகோசிலாவிய வீரர்களுக்கு விசா வழங்க அந்நாட்டு அரசு மறுத்தது. அனைத்துலகக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனம் கொடுத்த உரிமையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 1963 இல் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோ நகரில் போட்டி நடந்தேறியது. வாயிலில் மறிக்கப்பட்ட யூகோசிலாவியா அங்கே இரண்டாமிடம் பெற்றது.

பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. 1978 இல் மணிலாவின் கதவு திறந்தது. யூகோசிலாவியரும் வந்தனர். இறுதியாட்டத்தில் சோவியத்து அணியை 82 - 81 என ஒரே புள்ளியால் வென்று உலக வெற்றியாளராயினர். முன்னர் புகவிடாத ஊரே அவர்களுடைய வெற்றிக்குக் களமாயிற்று!

2019 ஆம் ஆண்டுப் போட்டிக்கும் பிலிப்பைன்ஸ் விண்ணப்பித்தது. 2015 ஓகஸ்டில் டோக்கியோவில் நடந்த வாக்கெடுப்பில் சீனா 14 வாக்குகளும் பிலிப்பைன்ஸ் 7 வாக்குகளும் பெற்றன. தோற்றவர் சினந்து ஒதுங்கினாரல்லர். யப்பானையும் இந்தோனேசியாவையும் துணைசேர்த்து 2023 ஆம் ஆண்டுப் போட்டிக்கு முயன்றனர். எதிர்நின்ற ஆர்ஜென்டீனாவும் உருகுவேயும் விலகிக்கொள்ள, 2017 டிசம்பரில் அவ்வுரிமை கைகூடியது.

இங்கேதான் என் உள்ளத்தைத் தொட்ட செய்தி வருகின்றது. போட்டியை நடத்துவோர்க்கு ஆட்டத்திலும் இடமளிப்பது வழக்கம். இந்தோனேசியாவுக்கோ ஒரு நிபந்தனை விதிக்கப்பட்டது: 2022 ஆம் ஆண்டு ஆசியக் கிண்ணப் போட்டியில் முதல் எட்டு இடங்களுள் ஒன்றைப் பெறவேண்டும். ஜகார்த்தாவில், சொந்த மக்கள் முன்னிலையில் ஆடியும் அது இயலவில்லை. எனினும் மறு ஆண்டு ஜகார்த்தாவில் புதிய அரங்கொன்று எழுந்தது. கனடா, பிரான்ஸ், ஸ்பெயின், லத்வியா முதலிய நாடுகள் அங்கே வந்து ஆடின. பந்தியில் தமக்கு இலையில்லை என்று அறிந்தும் பிறர்க்குப் பரிமாறிய வீட்டார் அவர்கள்!

எங்கள் கல்லூரி மாணவரும் ஆண்டுதோறும் என்னிடம் வருவர். "சேர், இம்முறை போட்டியை எங்கள் திடலிலேயே வைப்போம், வெற்றி நிச்சயம்" என்பர். சொந்தத் திடல் வெற்றிக்குப் பிணையாகாது. 2023 ஓகஸ்ட் 25 ஆம் திகதி, மணிலாவை அடுத்த பேரரங்கிலே 38,115 பேர் கூடி ஆரவாரித்தும் பிலிப்பைன்ஸ் அணி டொமினிக்கன் குடியரசிடம் தோற்றது. இதைச் சொல்லிவிட்டு, வரும் அணிகளுக்குத் தங்க இடம், குடிக்க நீர், தோற்றவர்க்கும் ஒரு நல்வார்த்தை ஆகியவற்றுக்கு யார் பொறுப்பு என்று கேட்பேன். பலர் ஒருவரையொருவர் பார்ப்பர்.

சென்ற முறை, அணியில் இடம் கிடைக்காத ஒரு மாணவன் மட்டும் பின்னாலிருந்து கையுயர்த்தினான். "தண்ணீர்ப் பொறுப்பை நான் ஏற்கிறேன், சேர்" என்றான். அப்பொழுதே இசைவு கொடுத்தேன்.