இரண்டாம் திரையின் விலை

எல்கடுவையின் மலைக்குளிரில் ஓரிரவு, எங்கள் மாலை வகுப்பின் கணினிப் பெட்டியில் கைவைத்துக் குளிர்காய்ந்தோம். வேலை எதுவும் நடக்கவில்லை. ஆயினும் பெட்டி சுட்டது. வினாத்தாள் ஆயத்தஞ்செய்ய இரண்டாவது திரையொன்றை இணைத்த நாள்முதல் இதே நிலைதான்.

திரை ஒரு படத்தை வரைந்து முடித்து அடுத்ததைத் தொடங்குமுன் மிகச் சிறிய இடைவெளியுண்டு. பல கிராபிக்ஸ் அட்டைகளின் நினைவகம் அவ்விடைவெளியிலேதான் தன் வேகத்தைத் தாழ்த்தும். ஒரு திரை விநாடிக்கு 60 படமும் மற்றது 144 படமும் வரைந்தால், இடைவெளிகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. நினைவகம் ஓய்வின்றி முழுவேகத்தில் ஓடுகிறது. அந்த ஓட்டத்தின் மின்சாரமே வெப்பமாகிறது.

30 வாட் வீணானால், நாளுக்கு 8 மணி நேரத்தில் மாதம் 7 அலகு. 30 அலகில் மாதத்தை ஓட்டும் லயத்து வீட்டுக்கு அது ஏறக்குறைய கால்பங்கு வெளிச்சம். 2022 ஆகஸ்டில் சராசரியாக நூற்றுக்கு 75, 2023 பெப்ரவரியில் 66 எனக் கட்டணம் ஏறியதை அவ்வீடுகள் மறக்கவில்லை. எங்கள் வகுப்பின் மின்பட்டியலைப் பகிர்ந்து செலுத்துவோரும் கொழுந்து பறிக்கும் அத்தாய்மாரே.

வேகமான திரையையும் 60க்கு இறக்கினோம், பெட்டி குளிர்ந்தது. நாம் கைகாய்ந்த சூடு அவர்களுடைய கூலி என்பதை உணர எங்களுக்கு ஒரு மாதம் சென்றது. மறுநாள் மாணவருக்கு அந்தக் கணக்கையே முதற்பாடமாக வைத்தோம்.