மூன்று ஸ்பூன் கணக்கு

களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்துச் சாப்பாட்டுச் சட்டம். அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் போகும் காட்டுப் பாதையில் இருக்கிறது எங்கள் நாட்றாம்பாளையம். கர்நாடக எல்லை பக்கத்தில்தான். அந்தப் பக்கத்தார் 'முத்தே' என்பதை நாங்கள் களி என்கிறோம். உருட்டி, சாற்றில் தோய்த்து, ஒரே விழுங்கு! ஆனால் எனக்கு டாக்டர் சொன்ன முதல் விதியோ, "எதையும் கூழாகும்வரை மென்று சாப்பிடுங்கள்" என்பது. இந்த இரண்டு சட்டங்களுக்கும் நடுவே என் சாப்பாடு எப்படி வழி கண்டது என்பதைச் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று தோன்றியது.

எனக்கு 'அல்சரேட்டிவ் கொலைடிஸ்' என்கிற பெருங்குடல் புண் நோய். மருந்துக்கு அடங்காமல் போகவே, பெருங்குடலை எடுத்துவிட்டார்கள். சிறுகுடலின் முனையை வயிற்றின் வலப்பக்கம் வெளியே கொண்டுவந்து தைத்திருக்கிறார்கள். இதற்கு 'இலியாஸ்டமி' என்று பெயர். வெளியே தெரியும் சிவந்த முனை 'ஸ்டோமா'. கிரேக்க மொழியில் அதற்கு 'வாய்' என்று பொருளாம். அதன்மேல் ஒட்டியிருக்கும் பையில் மலம் சேரும். மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் காலி செய்துவிட வேண்டும். புடவை கட்டினால் வெளியே தெரியாது. சமையல், துவையல், மாட்டுக்குத் தீனி, எல்லாம் நான்தான்.

முதல் இரண்டு மாதம் குழைந்த சாதம், தயிர், தோல் நீக்கிய உருளைக்கிழங்கு, வாழைப்பழம். அதற்கப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்குத்தான் கை நீளவில்லை. எதைச் சாப்பிட்டால் என்ன ஆகுமோ என்ற பயம். ஒருநாள் அத்தை மொச்சைக் குழம்பு வைத்தார்கள். ஐந்து வயது மகள் தட்டைத் தள்ளி, "அம்மாவுக்கு ஆகாதது எனக்கும் வேணாம்" என்றாள். அத்தை என்னைப் பார்த்தார்கள். "உனக்காக இல்லேன்னாலும் இதுக்காகவாவது நீ சாப்பிட்டுப் பழகணும்மா" என்றார்கள்.

அன்றைக்கே ஒரு நோட்டு எடுத்தேன். தேதி, பண்டம், அளவு, பலன் என்று நாலு கட்டம். ஆஸ்பத்திரியில் பைக்கட்டு பழக்கிய நர்ஸம்மா சொல்லிக்கொடுத்த முறை இது. புதுசாக ஒரு நேரத்தில் ஒரே ஒரு பண்டம். அளவு மூன்று ஸ்பூன். நேரம் மத்தியானம், ராத்திரி அல்ல. பிறகு இரண்டு மூன்று நாள் பொறுத்து, அளவைக் கொஞ்சம் கூட்டலாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை; சில வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம்.

கேழ்வரகில்தான் ஆரம்பித்தேன். குழந்தைக்கு முதல் உணவாக ஊறவைத்து, அரைத்து, துணியில் வடிகட்டிப் பால் எடுத்துக் காய்ச்சுவோமே, அதே கஞ்சி. மகளுக்குக் கொடுத்ததை இப்போது நான் குடித்தேன். ஒத்துக்கொண்டது. அடுத்து நன்றாகச் சலித்த மாவில் கூழ். அதன்பிறகுதான் களி. நெல்லிக்காய் அளவு உருட்டி, வாயிலேயே கரையவிட்டு, மென்று இறக்கினேன். "களியை மெல்ற மருமகளை இந்த ஊர்லேயே இப்பத்தான் பாக்குறேன்" என்று அத்தை சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அன்றைக்கு நோட்டில் எழுதியது: 'களி, நெல்லிக்காய் அளவு மூன்று. பலன், நலம்.'

நார் மிகுந்த, லேசில் அரைபடாத பண்டங்களில்தான் இலியாஸ்டமிக்காரர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். தேங்காய்ச் சில், மக்காச்சோளம், வேர்க்கடலை, காளான், உலர்ந்த பழம் ஆகியவை சரியாக மெல்லாமல் உள்ளே போனால் குடலில் சிக்கிக்கொள்ளலாம். தேங்காயை நான் பாலாக எடுத்துச் சேர்க்கிறேன். முருங்கைக் கீரையை நன்றாகக் கடைந்து மசித்துவிடுகிறேன். வெங்காயம், முட்டைக்கோஸ், மொச்சை, சோடா ஆகியவை காற்றை உண்டாக்கும். முட்டையும் மீனும் வாடையைக் கூட்டும். பீட்ரூட் சாப்பிட்டால் பையில் சிவப்பாக வரும். ரத்தம் என்று பதற வேண்டாம். மலம் நீர்த்துப் போனால் சாதம், வாழைப்பழம், ஜவ்வரிசிக் கஞ்சி கெட்டிப்படுத்தும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் நீரும் உப்பும். அவற்றை உடம்புக்கு உறிஞ்சிக் கொடுப்பது பெருங்குடல். அது இல்லாதவர்களுக்கு இரண்டும் வீணாகிக்கொண்டே இருக்கும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் போதாது. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இரண்டும் தலைதட்டி அளக்க வேண்டும். சித்திரை வெயிலில் இது எப்போதும் கைவசம் இருக்கும். ரத்தக்கொதிப்போ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் உப்பின் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. வயிற்று வலி என்றால் விளக்கெண்ணெய் கொடுப்பது நம் வீட்டு வழக்கம். இலியாஸ்டமிக்காரர்களுக்குப் பேதி மருந்து எதுவும் கூடவே கூடாது. பல மணி நேரம் பையில் ஒன்றும் வராமல், வயிறு முறுக்கி, வாந்தியும் வந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இந்தப் பையே ஒரு சகோதரியின் அன்பில் பிறந்தது என்று அறிந்தபோது எனக்குக் கண் கலங்கியது. டென்மார்க்கில் எலிசா சோரன்சன் என்ற நர்ஸ். அவருடைய தங்கை தோராவுக்கு இதே மாதிரி ஆபரேஷன். கசிந்துவிடுமோ என்று அஞ்சி அவள் வெளியே போகவே மறுத்தாள். ஒட்டிக்கொள்ளும் பை ஒன்று இருந்தால் என்ன என்று 1954-ல் எலிசா யோசித்தார். பிளாஸ்டிக் தொழில் நடத்திய ஆகே லூயிஸ் ஹான்சன் முதலில் தயங்கினாலும், நர்ஸாக இருந்த அவருடைய மனைவி எடுத்துச் சொல்லி அவரைச் சம்மதிக்க வைத்தாராம். அதிலிருந்து 1957-ல் பிறந்ததுதான் கோலோபிளாஸ்ட் கம்பெனி. இரண்டு பெண்களின் பிடிவாதத்தால் இன்று எத்தனையோ பேர் வெளியே நடமாடுகிறோம்!

என் நோட்டில் இப்போது நாற்பதுக்கு மேல் பண்டங்கள். மார்கழி, தை மாதங்களில் எங்கள் பக்கம் பிதுக்கம் பருப்பு விசேஷம். அவரைக் கொட்டையை ஊறவைத்து, ஒவ்வொன்றாகத் தோலிலிருந்து பிதுக்கி எடுத்துக் குழம்பு வைப்போம். தோல் போய்விடுவதால் எனக்கு அதில் பாதி தொல்லை தீர்ந்தது. மீதியை நான் மென்று பார்த்துக்கொள்கிறேன். போன தை மாதம் மகளும் நானும் முறத்தைச் சுற்றி உட்கார்ந்து பிதுக்கினோம். பாதிப் பருப்பு அவள் விரலிலிருந்து எகிறி வாசலுக்கே ஓடியது.

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், "இது உனக்கு ஆகாது" என்று தட்டை நகர்த்தி விடாதீர்கள். "மூன்று ஸ்பூன் போடட்டுமா?" என்று கேளுங்கள். மீதியை அவர்களே சொல்வார்கள்.